சமையல்காரியின் பிலிம் மட்டும் கறுத்தது

துப்பறிவாளர் கலந்தருக்குப் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கும். பொய் சொல்கிறவன் எதையோ காப்பாற்றப் பார்க்கிறான், அது எதுவென்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார். உண்மையை மட்டும் பேசுகிறவர்களிடம்தான் அவருக்கு மல்லுக்கட்டு. எதிரே உட்கார்ந்திருந்த குஞ்சிதபாதம் அந்த ரகம்.

மணற்குடி அணு உலையில் விபத்து நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கடலோரத்து ஊர்களையெல்லாம் காலி செய்து, ஆட்களை லாரியில் ஏற்றி, கிடைத்த பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டிருந்தார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஆலஞ்சேத்தி கிராமத்து ஜனங்கள். எல்லாரும் பண்ணை வேலைக்காரர்கள். கூடவே ஒரு மளிகைக் கடைக் குடும்பம். உலையிலிருந்து என்ன வெளியே வருகிறது, அதில் ஜனங்கள் மேல் எவ்வளவு படுகிறது, இரண்டையும் அளக்கிற குழுவுக்குக் குஞ்சிதபாதம் தலைவர். வாசல் கரும்பலகையில் அவர் கைப்பட தினமும் 'உலை நிலவரம்' எழுதுவார். முதல் நாளிலிருந்தே புகைபோக்கிக்கு நேரே பூஜ்யம்தான்.

"பாருங்கோ" என்று அவர் மேஜை விளக்கைப் போட்டார். கண்ணாடிப் பலகை மேல் சின்னச் சின்ன பிலிம் துண்டுகள். முகாமில் ஒவ்வொருவருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். அதற்குள் இருக்கிற பிலிம் இது. கதிர் பட்டால் கறுக்கும். பட்ட அளவுக்குக் கறுக்கும்.

எல்லாத் துண்டும் பளிங்கு மாதிரி இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அடிப்பிடித்த பால்சட்டியாக இருந்தது.

"இது யாரோடது?" என்றார் கலந்தர்.

"பொன்னுத்தாய். முகாம் சமையல்காரி. அதே ஊர்க்காரிதான். வந்த நாள்லேருந்து வாசப்படி தாண்டினதில்லை. நானே தினம் மூணு வேளை பார்க்கறேன்."

"அவங்க சாம்பார்தான் ரொம்ப வீரியம் போலிருக்கு" என்றாள் வேம்பு. கலந்தரின் உதவியாளர். மன்னார்குடியில் டைப்பிஸ்டாக இருந்தவள். வாய்க்காக வேலை போனது. அதே வாய்க்காகக் கலந்தர் வேலை கொடுத்தார்.

குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை. "நாளைக் காலையில மெட்ராஸ்லேருந்து ஆம்புலன்ஸ் வர்றது. கதிர் அளவு எல்லையைத் தாண்டின பிலிம் யாரோடதோ அவாளுக்கு அங்கே பெரிய ஆஸ்பத்திரியில படுக்கை. அதுக்காக இந்தப் பொம்பளை பேட்ஜை எங்கேயோ எக்ஸ்ரே மெஷின்ல காட்டி வாங்கியிருக்கா. எப்படின்னு நீங்க கண்டுபிடிச்சுக் கொடுக்கணும். போலீஸை விட்டா பேப்பர்ல வந்துடும். நாளைக்கு மந்திரி வேற வர்றார்."

"ஒருவேளை பிலிம் உண்மையைச் சொன்னா?"

"அப்போ என் கரும்பலகை பொய் சொல்றதுன்னு அர்த்தம்" என்றார் குஞ்சிதபாதம். சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

வெளியே வந்தபோது வராந்தாவின் கோடியில் ஒரு தடுப்புக்குப் பின்னால் யாரோ வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் கோரைப்பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. உதடு முழுக்கப் புண்.

"தங்கம்மாள். கள்ளச்சாராயம்" என்றார் அங்கே நின்ற முகாம் டாக்டர், பாதி குரலில். "வேற எதுவும் சொல்றதுக்கில்லை. இவ பிலிம் சுத்தமா இருக்கே."

கலந்தர் சாராயச் சாவுகள் நிறையப் பார்த்தவர். சாராயம் கண்ணைப் பறிக்கும், ஈரலைப் பறிக்கும். முடியைப் பறித்து அவர் பார்த்ததில்லை. அந்த மெட்ராஸ் படுக்கை யாருக்குப் போகவேண்டும் என்று அந்த நிமிஷமே அவர் முடிவு செய்துவிட்டார். துப்பறிகிறவன் முடிவை முன்னால் வைத்துக்கொண்டு துப்பைத் தேடக்கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்தான். இருந்தாலும் செய்துவிட்டார்.

சமையல்கட்டு என்பது பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகை. மூன்று கோட்டையடுப்பு, மூன்று அண்டா. பொன்னுத்தாய் குள்ளமாக, கெட்டியாக இருந்தாள். துடுப்பு மாதிரி நீளக் கரண்டியைச் சோற்றில் விட்டுப் புரட்டிக்கொண்டிருந்தவள் இவர்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"பேட்ஜை எங்க வச்சிருந்தீங்கம்மா?"

"அதோ, ஆணியில மாட்டிதான் வச்சிருந்தேன் அய்யா. எல்லாரும் வராந்தாப் பலகையில சாயங்காலம் மாட்டுவாங்க, கிளார்க் வந்து பேட்ஜை எண்ணிட்டுப் போவாரு. நான் இங்கேயேதானே கிடக்கேன், என்னை எண்ணுறதில்லை."

"பேட்ஜைத்தான் எண்ணுவாரா? ஆளை எண்ண மாட்டாரா?"

"ஆளு ஆடிக்கிட்டே இருக்கும். பேட்ஜ் ஆடாம தொங்கும்" என்றாள் பொன்னுத்தாய்.

கலந்தர் சுவரைப் பார்த்தார். ஒரு மாதத்துப் புகை சுவரை அட்டக்கரியாக்கி இருந்தது. ஒரு ஆணியில் தொங்கிய சல்லடையை எடுத்தார். அதன் பின்னால் சுவர் வட்டமாக வெள்ளையாக இருந்தது. இன்னொரு ஆணியில் அரிவாள்மணை. அதை எடுத்தால் அதற்கும் ஒரு வெள்ளை நிழல். பேட்ஜ் மாட்டியதாகச் சொன்ன ஆணிக்குக் கீழே மட்டும் கரி சீராக, இடைவெளியில்லாமல் படிந்திருந்தது.

"சார், அந்த ஆணி விரதம் போலிருக்கு. ஒண்ணையும் தொட்டதில்லை" என்றாள் வேம்பு.

பொன்னுத்தாயின் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

கலந்தர் குஞ்சிதபாதம் கொடுத்திருந்த பேட்ஜின் காலிக்கூட்டைப் பையிலிருந்து எடுத்தார். மற்றவர்கள் ஊக்கால் குத்தியிருந்தார்கள். இதற்கு மட்டும் கறுப்புக் கயிறு. கூட்டின் மேல் ஒரு தீற்று விபூதி, ஒரு பொட்டு நாகூர்ச் சந்தனம், ஓரத்தில் வேளாங்கண்ணி மெழுகு ஒரு சொட்டு.

"மூணு சாமி. அப்போ மூணு ஆளு" என்றார்.

"எங்கம்மா ஒருத்தியே மூணு இடத்துக்கும் நேர்ந்துக்குவா சார்" என்றாள் வேம்பு. " கூட எல்.ஐ.சி.யும் கட்டுவா. இந்தப் பக்கத்துல இதை வச்சு ஆளை எண்ண முடியாது."

கலந்தருக்கு அது உறைத்தது. சரியாகத்தான் சொன்னாள். அவர் கயிற்றைப் பொன்னுத்தாயின் கழுத்தருகே தூக்கிப் பிடித்தார். அது அவள் தொப்புளுக்கும் கீழே இறங்கியது. அடுப்படியில் நாளெல்லாம் குனிந்து நிமிர்கிற எந்தப் பொம்பளையும் இத்தனை நீளக் கயிற்றைத் தொங்கவிட்டு நெருப்பை வா என்று கூப்பிட மாட்டாள். கயிற்றில் பல இடங்களில் முடிச்சு விழுந்து அவிழ்ந்த தழும்பு இருந்தது. நெட்டையான ஆளுக்கு இறக்கியும் குட்டையான ஆளுக்கு ஏற்றியும் கட்டியிருக்கிறார்கள்.

"பொன்னுத்தாயம்மா, இந்த பேட்ஜ் இந்தக் கொட்டகையில இருந்ததே இல்லை. யார் கழுத்துல இருந்துச்சு?"

"சோறு குழையுது அய்யா" என்றாள் அவள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

பூட்டு திறக்காவிட்டால் சாவியைத் தேடக்கூடாது, வீட்டுக்காரர்களைப் பேசவிட வேண்டும் என்பது கலந்தரின் வழி. வேம்புவின் கழுத்தில் அந்தக் கயிற்றை மாட்டிக் குழாயடிக்கு அனுப்பினார்.

"கதிர் எதுவும் ஒட்டிக்காதே சார்?"

"கூடுதான். காலி."

"நீங்க சொல்றது எல்லாமே காலியாத்தான் இருக்கு, என் சம்பளக் கவர் மாதிரி" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

குழாயடியில் கூட்டம். தூணுக்குப் பின்னால் கலந்தர் நின்றார். மளிகைக் கடைக்கார வீட்டு நூர்ஜஹான் குடத்தை இடுப்பில் ஏற்றியவள், வேம்புவின் கழுத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

"என்ன தங்கச்சி, உனக்கும் முறை வந்துடுச்சா?"

சுற்றியிருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஒருத்தி நூர்ஜஹானின் கையைக் கிள்ளினாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

கலந்தருக்கு அந்த ஒரு சொல் போதும். அவர் கூத்தாநல்லூரில் பிறந்தவர். காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வருகிற பக்கம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். முறை உள்ளவன் மண்வெட்டியோடு மதகில் நிற்பான். அடுத்தவன் வந்து மண்வெட்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் நகர்வான். எல்லாவற்றிலும் சண்டை போடுகிற ஊர்கூட முறையில் ஏமாற்றாது. ஆலஞ்சேத்தி ஜனங்கள் எதற்கோ முறை வைத்திருக்கிறார்கள். மண்வெட்டிக்குப் பதில் பேட்ஜ் கை மாறியிருக்கிறது.

நேராகத் தங்கம்மாளின் தடுப்புக்குப் போனார். வேம்புவும் வந்து சேர்ந்தாள்.

"ஊருக்குப் போயிட்டு வந்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தங்கம்மாள் கண்ணைத் திறந்தாள். மறைக்கிற தெம்பு அவளிடம் இல்லை.

"போவாம என்ன செய்யிறது அய்யா. வீடு பண்ணை நிலத்துல இருக்கு. குடியிருக்கிறவனுக்குத்தான் மனை சொந்தம்னு சட்டம் வந்துச்சு. வந்து பத்து வருசமாவுது, பண்ணையார் இராஜாங்கம் இன்னும் கோர்ட்டுல இழுக்கிறாரு. காலி வீடுன்னு ஒரு வார்த்தை எழுதிட்டாருன்னா போச்சு. எங்களை லாரியில ஏத்துன மறுநாளே அவரு காரியக்காரர் முள்வேலிக் கம்பியோட வந்துட்டாரு."

"அதனால?"

"அதனால ஆளு மாத்தி ஆளு போனோம். ஒருத்தர் போயி எல்லா வீட்டு அடுப்பையும் பத்தவைக்கிறது. காரியக்காரரு உள்ள வர பயந்துக்கிட்டு மெயின் ரோட்டுலயே மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பாப்பாரு. கூரையில புகை வந்தா அது எப்படிக் காலி வீடாவும்? பாத்துட்டுப் போயிடுவாரு. ஒரு குச்சி நட முடியல அய்யா அவரால."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை வந்தது.

"உங்க பேட்ஜ் எல்லாம் பலகையிலயே தொங்குச்சு. கிளார்க் எண்ணுறதுக்கு. சரி. பொன்னுத்தாயம்மாவோட பேட்ஜை எதுக்கு எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

தங்கம்மாள் அவரைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வெறுங்கழுத்தோட எப்படிப் போறது? கதிருக்குக் காவல் அதுதானே. நடமாடுறப்ப கழட்டவே கூடாது, கழட்டினா ஆபத்துன்னு கரும்பலகையில எழுதுற அந்த ஐயரே மைக்குல சொன்னாரு. ஒன்னாவது வேணுமில்ல. அக்காவோடதைத்தான் எண்ண மாட்டாங்க. அதை மந்திரிச்சு, கயிறு கோத்து, போறவங்க போட்டுக்கிட்டோம். பாதி வழியில மதகுல வச்சு அடுத்த ஆளு கழுத்துல மாத்திடுவோம். போன மாசம் பூரா அது ஊருலதான் இருந்துச்சு. பிலிம் வாங்குற அன்னைக்குத்தான் கொண்டாந்தோம்."

வேம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலந்தர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அது காவல் இல்லைம்மா."

"பின்ன?"

"எவ்வளவு பட்டுச்சுன்னு பாக்கிறது. அவ்வளவுதான்."

"பட்டப்புறமா?"

"பட்டப்புறம்."

தங்கம்மாள் கூரையைப் பார்த்தாள். பிறகு புண் உதட்டோடு சிரித்தாள். "அப்போ கணக்கப்பிள்ளை. நாங்க காவல்காரன்னு நெனச்சிட்டோம்."

"நீங்க எத்தனை முறை போனீங்கம்மா?"

"என் முறையும் போனேன். கைப்பிள்ளைக்காரிங்க முறையும் நான்தான் போனேன். எனக்கென்ன, புருசனா புள்ளையா? கடைசியில கடைசியில யாரையும் அனுப்பல, நானே இருந்துக்கிட்டேன்."

கலந்தர் வேகமாக வெளியே வந்தார். நடை ஓட்டமானது. அவருக்கு வெற்றியின் ருசி தெரியும். அந்த ருசி நாக்கில் ஏறிவிட்டால் அவர் யோசிப்பதை நிறுத்திவிடுவார் என்று அவர் மனைவி சொல்லுவாள். பின்னால் வந்த வேம்பு, "சார், ஒரு நிமிஷம் பொன்னுத்தாயம்மாகிட்ட பேசிட்டு அப்புறம் சொல்லலாமே. அவங்க ஏன் இன்னும் வாயைத் திறக்கலைன்னு தெரியலை" என்றாள்.

"பயம்மா. வேறென்ன? ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள பேரை மாத்தணும், வா."

குஞ்சிதபாதம் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். சுவர்க்கரி, கயிற்று நீளம், முறை, மதகு. கேட்கக் கேட்க அவர் முகத்தில் பல நாள் சுமை இறங்கியது. கலந்தர் அதைப் பச்சாத்தாபம் என்று நினைத்துக்கொண்டார்.

"பிலிம் பொய் சொல்லலை சார். அந்தப் படுக்கை தங்கம்மாளுக்கு" என்று முடித்தார்.

"பிரமாதம் மிஸ்டர் கலந்தர். ரொம்பப் பிரமாதம்." குஞ்சிதபாதம் பேனாவை எடுத்தார். "எத்தனை பேர் முறை போனா?"

"ஊர்ல பெரியவங்க பாதிப் பேராவது போயிருப்பாங்க."

"சரி. இந்தக் கறுப்பு ஒருத்தர் மேல பட்டதுன்னா எல்லையைத் தாண்டினதுதான். ஆனா அத்தனை பேர் பங்கு போட்டுண்டது." பேனா ஒரு கோடு போட்டது. கோட்டுக்குக் கீழே ஒரு சின்ன எண் வந்தது. "ஆளுக்கு இவ்வளவுதான். எல்லைக்குள்ள. யாருக்கும் படுக்கை வேண்டியதில்லை."

கலந்தருக்கு முதலில் புரியவில்லை. வேம்புவுக்குப் புரிந்துவிட்டது. "பந்தியில ஒருத்தர் தலையில சாம்பார் வாளியைக் கொட்டிட்டு, ஆளுக்கு ஒரு கரண்டிதான்னு சொல்றீங்க" என்றாள்.

"தங்கம்மாள்தான் அதிகமாப் போனாங்க" என்றார் கலந்தர்.

"ஆதாரம்? அவ பேட்ஜ் பலகையில தொங்கித்து. பிலிம் சுத்தம்."

"அவங்க தலையைப் பாருங்க சார். தலையணையைப் பாருங்க."

"டாக்டர் சாராயம்னு எழுதியிருக்கார்."

கலந்தர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார். "சரி. ஆளுங்க மாறி மாறிப் போனாங்க. பேட்ஜ் மாறலை. மாசம் பூரா ஆலஞ்சேத்தியிலேயே கிடந்துச்சு. அங்கே கிடந்தா எவ்வளவு கறுக்கும்னு அது காட்டுது. நாளைக்கு ஜனங்க வீட்டுக்குத் திரும்பினா அத்தனை பேரும் அந்த பேட்ஜ் மாதிரிதான் கறுப்பாங்க. உங்க புகைபோக்கி பூஜ்யம்னா இது எங்கேருந்து வருது?"

குஞ்சிதபாதம் முட்டாள் இல்லை. கலந்தர் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவருக்கு அது தெரிந்திருந்தது என்பது அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்தில் தெரிந்தது.

"புகைபோக்கியில இருக்கற மீட்டர் முள் விபத்தன்னைக்கே சூட்டுல ஒட்டிண்டுடுத்து" என்றார் மெதுவாக. "பூஜ்யத்துல ஒட்டிண்டுடுத்து. மாத்து முள் வர்றவரைக்கும் பூஜ்யம்னு எழுதச் சொன்னா. எழுதறேன். என் கையில இருந்த ஒரே கேள்வி அந்தப் பிலிம்தான். அதுக்கு நீங்க பதில் கொடுத்துட்டேள். மேலே இருக்கறவாளுக்கு இந்தப் பதில் போதும்."

அது போதும் என்று மறுநாள் காலையில் தெரிந்தது. மந்திரி வந்தார், கூட்டணியின் இரண்டு கட்சிக் கொடியும் கட்டினார்கள். ஆலஞ்சேத்தி மக்கள் வீடு திரும்பலாம், சம்பா நடவுக்கு நேரமாகிறது என்று மைக்கில் சொன்னதும் பள்ளிக்கூடமே கைதட்டியது. நூர்ஜஹான் அழுதுகொண்டே சிரித்தாள். கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து, ஊருக்குப் போகாதீர்கள் என்று கலந்தர் சொல்லிப் பார்த்தார். "இராஜாங்கம் அனுப்பின ஆளா நீங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார். அதற்கு மேல் அவர் பேச்சு எடுபடவில்லை. வேம்பு பத்திரிகை ஆபீசுக்கு டிரங்கால் போட்டுப் பார்த்தாள். புகைபோக்கி பூஜ்யம் என்று அங்கே ஏற்கெனவே அச்சுக்கோத்துவிட்டார்கள்.

பஸ்கள் வந்தன. தங்கம்மாளை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்தார்கள். அவள் கலந்தரைப் பார்த்துக் கும்பிட்டாள். நன்றி சொல்கிறாள் என்று தெரிந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பொன்னுத்தாய் கடைசியாக வந்தாள். கலந்தர் அருகில் நின்று முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பேசாம இருந்தது பயந்து இல்ல அய்யா" என்றாள். "எம் பேருக்குப் படுக்கை வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ஆம்புலன்சுல வர்றவன் மெட்ராஸ்காரன். அவனுக்குப் பொன்னுத்தாயும் ஒன்னு, தங்கம்மாளும் ஒன்னு. இவதான் பொன்னுத்தாய்னு அவளை ஏத்திவிட்டிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா பேரையா பாப்பாங்க, உடம்பைத்தானே பாப்பாங்க. அவகிட்டகூட சொல்லல. இன்னும் ஒரு ராத்திரி வாயைக் கட்டிட்டா போதும்னு இருந்தேன்."

கலந்தர் ஜன்னலோரத்துத் தங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க நல்லதுக்குத்தான் கண்டுபுடிச்சீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள். தங்கம்மாளின் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே திரும்பின.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை ஆம்புலன்ஸ் ஒன்று வாசலில் வந்து நின்றது. வேண்டாம் என்று மெட்ராசுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. டிரைவர் இறங்கி, காலியான வராந்தாவையும் அங்கே நின்ற இரண்டு பேரையும் பார்த்தான்.

"பேஷண்டு எங்க சார்? பொன்னுத்தாய்னு ஒரு அம்மா. இங்கேருந்துதான் ஏத்தணும், உலைப் பக்கம் வண்டி போகக்கூடாதுன்னு உத்தரவு."

வேம்பு கலந்தரைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் துழாவினார்.

"அந்தப் பேர்ல பேஷண்டு யாருமில்லைப்பா" என்றார். "நீ போகலாம்."